வண்டு வராமல் இருக்க ஒரு கத்தி

கத்தி சேர்க்கும் பைத்தியம் பிடித்தவர்களை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே சுருட்டச் சொன்னால் போதும். வலது கையில் முடி இருக்கும், இடது கையில் இருக்காது. புதுக் கத்தி வந்ததும் கூர்மை எப்படி என்று முன்னங்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கத்தி கூடக் கூடக் கை மொட்டையாகும். எனக்குக் கல்யாணமான சமயத்தில் என் இடது கை பச்சைக் குழந்தையின் கை மாதிரி இருந்தது. (நிக்காஹ் அன்று கை கொடுத்து வாழ்த்திய பெரியவர் ஒருவர், "சிதம்பரத்துல நல்ல தோல் டாக்டர் ஒருத்தர் இருக்காரு, வெக்கப்படாம போய்ப் பாருங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.)

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. சுற்றிலும் அரசு அலுவலகங்கள், ஆகவே தாளுக்குப் பஞ்சமில்லை. மங்கலாக விழுந்த பிரதிகளை எல்லாம் எடுத்துவைத்து, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஒவ்வொரு கத்தியாலும் சீவிப் பார்ப்பேன். அந்தச் 'சர்ர்ர்' சத்தத்துக்காக நான் சொத்தையே எழுதிக் கொடுப்பேன். ஆரம்பத்தில் கத்தி என்று பெயர் இருந்தால் போதும், வாங்கிவிடுவேன். அப்புறம் மடக்குக் கத்தி மட்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அப்புறம் மடக்குக் கத்தி எல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒரு நாள் ஞானம் பிறந்து, சமையல் கத்திக்குத் தாவினேன். (எனக்கு வெந்நீர் போடத் தெரியாது.) பார்சல் வந்த அன்று அதுதான் உலகத்திலேயே சிறந்த கத்தி. இரண்டாம் நாள் போனில் அதைவிடச் சிறந்தது ஒன்று கண்ணில் பட்டுவிடும். மூன்றாம் நாள் அதற்கும் ஆர்டர் போயிருக்கும்.

இந்தக் கத்திகள் தாளையும் என் கை முடியையும் தவிர வேறு எதையும் வெட்டியதில்லை. வெட்டவிடவும் மாட்டேன். கல்யாணமாகி வந்த நஸ்ரின் வெங்காயம் நறுக்கக் கத்தி கேட்டபோது, அத்தனை கத்தி இருந்த வீட்டிலிருந்து இறங்கி ஓடிப்போய், தெருமுனைக் கடையில் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். அவள் கத்தியைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புதுப்பெண் என்பதால் அதோடு விட்டுவிட்டாள்.

நஸ்ரினுக்கு ஊர் லால்பேட்டை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமனார் வீட்டில் அழைப்பு. அவள் ஒரு வாரம் முன்பே போய்விட்டாள். அவள் தம்பி இம்தியாஸ் எனக்குப் போன் செய்து, குர்பானிக்கு ஆடு வாங்கியாயிற்று, இனிமேல் கத்திகளைச் சாணைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கத்தியா? என்கிட்ட இல்லாத கத்தியா மச்சான்? அத என்கிட்ட வுட்டுடு" என்றேன்.

எனக்கு என்ன எண்ணம் என்றால், பெட்டியைக் கொண்டுபோய்த் திறந்து காட்டுவேன், மாமியார் வீட்டார் வாயைப் பிளப்பார்கள், பிறகு அவர்கள் கத்தியால் அவர்கள் வேலையைச் செய்வார்கள் என்பதுதான். கண்காட்சிக்குப் போகிறவனைப் போலத்தான் புறப்பட்டேன்.

பெட்டி நீளமானது, கறுப்பு நிறம், உள்ளே பஞ்சு மெத்தையில் ஒவ்வொரு கத்திக்கும் தனித்தனிப் பள்ளம். அதை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணாமலை நகர் மியூசிக் காலேஜா தம்பி? வயலினா?"

பெருநாளுக்கு முதல் நாள், ஓடுகிற பஸ்ஸில், பெட்டி நிறையக் கத்தி என்று எப்படிச் சொல்வது? "ஆமாங்க" என்றேன். அவர் என் இடது கையைத் தொட்டுப் பார்த்து உருகிவிட்டார். "வயலின வெச்சு வெச்சு கை முடியே தேஞ்சு போச்சே. என்னா ஒழைப்பு." சிதம்பரத்தில் இறங்கும்போது நான் பெரிய வித்வானாக வர வேண்டும் என்று வாழ்த்தி, தன்னிடமிருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் கொடுத்தார். அங்கே பஸ் மாறி லால்பேட்டை போய்ச் சேருகிறவரை அதைத் தின்றுகொண்டே போனேன்.

இம்தியாஸ் பைக்கோடு நின்றிருந்தான். வீட்டுக்குப் போகிற வழியிலேயே குண்டைத் தூக்கிப் போட்டான்.

"நம்ம வூட்டுக் கத்திய எல்லாம் எதிர் வூட்டுக்குக் குடுத்துட்டேன் மச்சான். அவுங்க கேட்டாங்க. நமக்குத்தான் நீங்க கொண்டாறீங்களே."

"எல்லாத்தையுமா? அருவாமனை?"

"அது பக்கத்து வூட்டுக்கு."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

"நான் ஷேவிங் பண்ற பிளேடு இருக்கு."

பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதில் இன்னொரு சங்கடம் என் மாமனார். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அதிகம் பேசாதவர். அவர் வாயைத் திறந்தால் ஒன்று ஸலாம் வரும், இல்லையென்றால் கேள்வி வரும். அவருக்கு இருந்த ஒரே பெருமை, குர்பானிக் கறியில் ஏழைகளுக்கான பங்கு மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் தன் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது. ஒரு வருஷம்கூடத் தவறியதில்லையாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என்னைப் பார்த்து, "மாப்புள கத்தியோட வந்திருக்காரு. இந்த வருஷம் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்" என்றார். அவர் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

காலையில் எல்லோரும் குளித்துத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நான் பெட்டியைத் திறந்தேன். மற்றவை போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நடுவில் ஒன்று இருந்தது. உடம்பு முழுக்க அலை அலையாக வரியோடும் டமாஸ்கஸ் கத்தி, கடைசல் மரப் பிடி. அதை வைத்து நான் தாளைக்கூட வெட்டியதில்லை, எண்ணெய் தடவித் துடைப்பதோடு சரி. அதை ஆட்டுக் கொழுப்பில் முக்குவதை நினைத்தாலே கண் கலங்கியது. சாமான் அறைக்குள் நழுவி, பெரிய அரிசி டின்னைத் திறந்து, உறையோடு ஆழமாகச் செருகி, மேலே அரிசியைச் சமன் செய்துவிட்டு வந்தேன். அரிசி ஈரத்தை இழுத்துவிடும், துருப்பிடிக்காது என்று எனக்கு நானே பாராட்டு வேறு. பெருநாள் அன்று பிரியாணி வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் திறக்கப்போவது அரிசி டின்தான் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

தொழுதுவிட்டு வந்தோம். அறுக்கிறவர் தன் கத்தியோடு வந்து அறுத்து, பெரிய பெரிய துண்டாகப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கொல்லையில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நஸ்ரின், மாமியாரின் தங்கையான சாச்சி, இன்னும் சொந்தக்காரப் பெண்கள் சிலர். இம்தியாஸும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். மாமா கறிப் பங்குக்கான பைகளை உதறி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியத் தெறங்க மாப்புள" என்றார் சாச்சி.

திறந்தேன். வெயில் பட்டு எல்லாம் பளபளவென்று மின்னியது. "அம்மாடி" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் கடலூரிலிருந்து வந்ததே. அந்தக் கணம் முடிந்ததும் சாச்சி கையை நீட்டினார்.

"சாச்சி, அது... வெட்றதுக்கு இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"பாக்குறதுக்கு."

மாமா பை உதறுவதை நிறுத்திவிட்டார். நஸ்ரின் எழுந்து வந்து என் மடியிலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தாச்சு. இப்ப குடுங்க" என்றாள்.

அடுத்த நிமிடம் பஞ்சு மெத்தை காலி. ஜப்பான் கத்தி சாச்சி கையில், ஜெர்மன் கத்தி இம்தியாஸ் கையில். எலும்பில் ஒவ்வொரு தட்டு விழும்போதும் எனக்கு நெஞ்சில் விழுந்தது. சாச்சி மட்டும் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கையில ஒக்காந்துக்குது பாரு, வெண்ணெ மாதிரி போவுது" என்றார். எனக்கும் ஒரு கத்தியையும் ஒரு துண்டையும் கொடுத்து உட்காரவைத்தார்கள். நான் தாளைச் சீவிய பழக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்து, நிறுத்தி, ஓரம் நேராக வந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இழுத்தேன். சாச்சி கொஞ்ச நேரம் பொறுமையாகக் கவனித்தார்.

"நஸ்ரினு, ஒங்க வூட்டுக்காரு கறி வெட்றாரா, கடுதாசி எழுதுறாரா?"

பெண்கள் சிரித்து ஓய்வதற்குள் மாமி உள்ளேயிருந்து வந்தார். கையில் அரிசி அளக்கிற படி. படியில் கோபுரமாக அரிசி. அதன் மேல் என் டமாஸ்கஸ் கத்தி.

"வண்டு வராம இருக்க வேப்பெல போடுவோம். வசம்பு போடுவோம்" என்றார் மாமி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "இது எதுக்கு மாப்புள போட்டிருக்கு?"

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. லால்பேட்டை மண் கெட்டியான மண். இம்தியாஸ் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடினான். மாமா நடந்து வந்து, கத்தியைக் கையில் எடுத்து, உறையை உருவினார்.

"இது என்ன கத்தி?"

பொய் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் சொன்ன பொய்யே வயிற்றில் பிஸ்கட்டாகக் கனத்தது. "இருக்கிறதுலயே நல்ல கத்தி மாமா. இதுவரைக்கும் எதையும் வெட்டல. மனசு வரல. அதான் ஒளிச்சு வெச்சேன்" என்றேன். எனக்குப் பெண் கொடுத்த வீட்டிலேயே திருடனைப் போல நின்றேன்.

மாமா கத்தியின் வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். பேசியது மாமிதான்.

"நீங்க ஏன் மாப்புள தலையத் தொங்கப் போடுறீங்க? ஒங்க மாமா மட்டும் என்னவாம்? துபாய்லேருந்து கடைசியா வரும்போது பூப்போட்ட டின்னர் செட்டு ஒண்ணு கொண்டாந்தாங்க. ஒரு நாள் ஒரு வாய் சோறு அதுல தின்னதில்ல. வருஷத்துக்கு ஒரு வாட்டி எறக்கித் தொடச்சுத் திரும்பப் பரண்ல ஏத்துவாங்க. கேட்டா, நல்ல நாளு வரட்டும்பாங்க. நஸ்ரின் கல்யாணமே வந்துட்டுப் போயிடுச்சு."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கத்தியைப் பார்த்தார். அவர் காது மடல் இரண்டும் சிவந்தன. என்னைவிட அவருக்குத்தான் வெட்கம் அதிகமாக வந்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இம்தியாஸு" என்று கிணற்றுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "ஏணிய எடு."

பிறகு கத்தியை என் பக்கமாகப் பிடியைத் திருப்பி நீட்டினார். "நான் தட்ட எறக்குறேன். நீங்க கறிய வெட்டுங்க. பாங்கு சொல்லப் போறாங்க."

வெட்டினேன். அதை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் தாளில் கேட்ட 'சர்ர்ர்' எல்லாம் ஒன்றுமே இல்லை. கத்தி தன் பாட்டுக்குப் போயிற்று, நான் கூடவே போனேன். கடைசி வரை வெட்டியவர்களிலேயே மெதுவாக வெட்டியவன் நான்தான் என்றாலும், சந்தோஷமாக வெட்டியவனும் நான்தான். அந்த வருஷம் தெருவில் முதலில் போன பங்கு எதிர் வீட்டாருடையது. (எங்கள் கத்தியால்தான் வெட்டியிருந்தார்கள்.) கடைசிப் பையை நான் தெருக்கோடி வீட்டில் கொடுத்து ஸலாம் சொல்லித் திரும்பியபோது பாங்கு ஒலித்தது. மாமா வாசலில் நின்று தலையை ஆட்டினார். மத்தியானம் பூப்போட்ட தட்டில் பிரியாணி. இம்தியாஸ் ஒரு தட்டை உடைத்தான். மாமா "போவுது வுடு" என்றார். மாமி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கடலூருக்குத் திரும்பியபோது பெட்டி லேசாக இருந்தது. ஜப்பான் கத்தி சாச்சி வீட்டோடு தங்கிவிட்டது, மற்றவர்களும் தங்கள் கைக்கு உட்கார்ந்ததை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அப்புறம் போனில் கத்தி விளம்பரம் வந்தால் விரல் தயங்கியது. முன்பெல்லாம் என்ன ஸ்டீல் என்று பார்ப்பேன். இப்போது இது யார் கைக்கு என்று தோன்றிவிடுகிறது. யாரும் நினைவுக்கு வராவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறேன். இடது கையில் முடி வளர்ந்துவிட்டது. அதற்குப் பதில் லால்பேட்டைக்கு அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. "மாப்புள, எறா உரிக்கச் சின்னதா ஒண்ணு பாருங்களேன்" என்று சாச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். என் சேகரிப்பை யாராவது பார்க்க ஆசைப்பட்டால் அந்தத் தெருவில் வீடு வீடாக விருந்து சாப்பிட வேண்டியிருக்கும். நான் அப்படித்தான் பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்றைக்கும் ஒவ்வொரு பெருநாளும் மாமி அரிசி டின்னைத் திறக்கும் முன் சாமான் அறையிலிருந்து குரல் கொடுப்பார்: "மாப்புள, உள்ள ஏதாச்சும் இருக்கா?" வீடே சிரிக்கும். போன பெருநாளுக்கு நான் பதில் சொல்லவில்லை. மாமி கையை விட்டுத் துழாவினார். கையில் ஓர் உறை தட்டுப்பட்டது. வருஷத்துக்கு நான் வாங்குவது இப்போது ஒரே ஒரு கத்திதான், போன வருஷத்துக் கத்தி மாமியின் கைக்கு அளவாகப் பார்த்து வாங்கியது. உறையை உருவிக்கொண்டு வெளியே வந்தவர், அதை மாமாவிடம் காட்டிச் சொன்னார்:

"பாத்தீங்களா? இந்த வருஷமும் நம்ம வூட்டு அரிசியில வண்டு வராது."