ரேஷியோ எடுத்த ஒரே வகுப்பு

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் மொத்தம் எத்தனை தலை இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியாவிட்டாலும் ரேஷியோவுக்குத் தெரியும். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் ஆங்கிலம் நடத்திய தனியார் கல்லூரியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்து, அது மூடியதும் எங்கள் ஆபீசுக்கு வந்தவர். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற ரேஷியோ சரியாக இருப்பதாகக் காகிதத்தில் காட்டுவதுதான் வேலை. அந்தக் கணக்கு மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டது. கல்யாணப் பந்தியில் இலையைப் பார்க்காமல் வரிசையைப் பார்ப்பார். "நாப்பது எலைக்கு ஒரே ஒரு சாம்பார் வாளி. இந்தப் பந்தி பாஸ் ஆவாது மேடம்." ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் இதே கவலை. "கோயிலு ரொம்பி வழியுது, ஃபாதர் ஒருத்தருதான். இன்ஸ்பெக்சன் வந்தா இன்னா பதில் சொல்லுவாரு?"

ஆய்வுக்குழு வரும் நாளில் பூந்தமல்லியிலிருந்து ஒரு வேன் நிறையப் பேராசிரியர்கள் வந்து இறங்குவார்கள். ரிட்டையர் ஆன தபால்காரர், கோட்டு போட்ட ஓமியோபதி டாக்டர், ஜாதகம் பார்ப்பவர் என்று சகலரும் உண்டு. ரேஷியோ அவர்களை வரிசையில் நிறுத்திப் பயிற்சி கொடுப்பார். "எவன் இன்னா கேட்டாலும் சிலபஸ் முடிஞ்சிபோச்சுன்னு சொல்லு நைனா. மேல பேசாத." ஒரு தடவை தபால்காரர், பெயரைக் கேட்டதற்கும் சிலபஸ் முடிந்துவிட்டது என்றார்.

அந்த வருஷம் அரசுக் கல்லூரி வேலைக்கு எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. வந்ததுதான் வந்தது, ஆய்வுக்குழு வரும் அதே நாளில் வந்தது. எங்கள் அசல் சான்றிதழ்கள் எல்லாம் ரேஷியோவின் பீரோவில் இருந்தன. நடுவருஷத்தில் ஓடிவிடக் கூடாது என்று கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். சாவி அவர் இடுப்பில். போய்க் கேட்டேன்.

"இங்கிலீசுல நெஜ டீச்சரு நீங்க ஒருத்தருதான் மேடம். நீங்களும் போய்ட்டா டிபார்ட்மென்ட்டே சாஞ்சிடும்."

"மூணு வருஷமா காத்துக்கிட்டிருக்கேண்ணே. இதை விட்டா எனக்கு இன்னொண்ணு வராது."

அவர் நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தார். அன்றைக்கு அவரை நான் திட்டாத திட்டு இல்லை, எல்லாம் மனசுக்குள்தான்.

ஆய்வு நாள் காலையில் ஒரு மஞ்சள் பையை என் மேஜையில் வைத்தார். உள்ளே என் சான்றிதழ்கள்.

"சரியா கீதான்னு பாத்துக்க. கேட்டாண்ட ஆட்டோ நிக்கிது."

"என் இடத்துல யாருண்ணே உக்காருவாங்க? வேன்ல ஆள் வருதா?"

"வேனு மெட்ரோ பள்ளத்தாண்ட மாட்டிக்கினு கீது. அத்த நான் பாத்துக்கறேன். நீ கெளம்புமா."

மற்றதைப் பிறகு மாணவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அரைக்கைச் சட்டையில் டை கட்டிக்கொண்டு என் நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். குழுவில் ஒருவர் விடவில்லை, வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார். "சிலபஸ் முடிஞ்சிபோச்சு சார். இன்னிக்கு அட்டெண்டன்ஸ் மட்டுந்தான்" என்று எழுந்தாராம். பதிவேட்டைத் தொடவில்லை. அறுபது பேரையும் முதலிலிருந்து கடைசி வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விசாரிப்பு. "ஸ்டெல்லா, அம்மாவுக்குக் கண்ணு ஆப்ரேசன் ஆச்சா?" "முருகா, மண்ணூர்பேட்டைல ஊடு மாத்திட்டீங்களா?" பாதியில் மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆங்கிலத் துறையில் ஆசிரியர், மாணவர் உறவு மிகச் சிறப்பு என்று குழு எழுதிவிட்டுப் போனது. அந்தக் கல்லூரி உண்மையாகச் சம்பாதித்த பாராட்டு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

போன வாரம் ரேஷியோ போன் பண்ணினார்.

"கவர்மென்ட் காலேஜ்ல கிளாசுக்கு எத்தினி பேரு மேடம்?"

"எழுபது பேர்ணே."

"நீங்க ஒரே ஆளா?"

"ஆமாண்ணே."

எழுபது, இருபது என்று போனில் முணுமுணுப்பு கேட்டது. கூட்டி, வகுத்து, மனசு கேட்காமல் தவிக்கிறார் என்று தெரிந்தது.

"நான் வேணா வரட்டா?"

வாங்கண்ணே என்றேன். அதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.