பச்சையா சிவப்பா, மாப்பிள்ளை?

மேல்பட்டாம்பாக்கம்
18-8-2011

மரியாதைக்குரிய மாப்பிள்ளை, மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் ஆரோக்கியராஜ் அவர்களுக்கு, உங்கள் மாமனார் சூசைமாணிக்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் மாமியார் வியாகுலமேரியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். டெல்லியில் நீங்களும் மகள் பெலிசியாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கு மாமனார் புத்தி சொல்லக்கூடாது என்ற மரியாதை எனக்குத் தெரியும். ஆகவே இது புத்தி இல்லை, விண்ணப்பம். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். உங்கள் நம்பருக்குப் போட்டால் யாரோ ஒருவர் இந்தியில் எடுக்கிறார். நானும் மரியாதைக்கு இரண்டு தடவை ‘ஹான்ஜி’ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

விஷயம் நம் சின்னவள் ஜெசிந்தாவின் நிச்சயதார்த்தம். வருகிற புதன்கிழமை பகல், நம் கோயில் மண்டபத்தில். பையன் கடலூரில் பேங்க் வேலை, தங்கமான பையன். அவன் அப்பா தேவசகாயம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி, சங்கத்தில் முக்கியமான ஆள். பெண் பார்க்க வந்தவர்கள் நகை கேட்கவில்லை, ரொக்கம் கேட்கவில்லை. கேசரி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு தேவசகாயம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சம்மந்தி, எங்களுக்கு ஒண்ணும் வேணாம். கரும்பு மசோதாவுல உங்க பெரிய மாப்பிள்ளை எந்தப் பக்கம்? அத மட்டும் சொல்லிடுங்க.” விவசாயி தன் கரும்பை எந்த ஆலைக்கு வேண்டுமானாலும், ஏன், வெல்லம் காய்ச்சுகிறவனுக்குக்கூட விற்கலாம் என்கிற அந்த மசோதாதான். “கரும்பு வெளிய போயிட்டா ஆலையில நாங்க என்னத்த அரைக்கிறது? காத்தையா?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. உள்ளே ஜெசிந்தா காப்பித் தட்டோடு நிற்கிறாள். “உங்க பக்கந்தான் சம்மந்தி” என்று சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. மறுநாளே என் மச்சான் ஜேக்கப் வந்துவிட்டான். உங்கள் மாமியாருக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். தாய்மாமன் சீர்த்தட்டு வராமல் உங்கள் மாமியார் மண்டபத்துப் படி ஏறமாட்டாள். அவன் போட்டிருப்பது முழுக்கக் கரும்பு. வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், “மாமா, உங்க மாப்பிள்ளை வெவசாயி வயித்துல அடிக்க மாட்டாருல்ல? அடிச்சாருன்னா நான் சீரு தூக்கிக்கினு வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. “ஒன் பக்கந்தான் மச்சான், போய் வேலையப் பாரு” என்றேன். என் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா? கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். அங்கே நிற்குமா, இங்கே நிற்குமா என்று கேட்கிறவனிடமெல்லாம் ‘ஏறு, பாத்துக்கலாம்’ என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய்.

பழியை முழுக்க என் தலையில் போடாதீர்கள். நீங்களும் சும்மா இருக்கவில்லை. சிதம்பரம் கீழவீதிக் கூட்டத்தில் ‘நான் என்றைக்கும் விவசாயிகளின் பக்கம்’ என்றீர்கள். நெல்லிக்குப்பத்தில் ‘தொழிலாளர்களின் பக்கம்’ என்றீர்கள். கிள்ளையில் ‘மீனவர்களின் பக்கம்’. ஒரு மனிதனுக்கு எத்தனை பக்கம் இருக்கும் மாப்பிள்ளை? போன வருஷம் மீனவர் மசோதாவில் நீங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டபோது கிள்ளைக்காரர்கள் ஒரு கூடை நண்டு கொண்டுவந்து என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கே உங்கள் ஓட்டு எங்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் வரும் என்று புரிந்திருக்க வேண்டும், நண்டு ருசியில் புரியாமல் போய்விட்டது.

போன வாரம் மசோதா முதல் கட்டம் தாண்டியபோது நான் தப்பித்தேன். பேப்பரில் ‘குரல் வாக்கெடுப்பு’ என்று போட்டிருந்தான். எல்லாரும் சேர்ந்து கத்துவது, யார் எதற்குக் கத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு பெண்ணைப் பெற்றவனாகத்தான் இருக்க வேண்டும். ஜேக்கப்பிடம் ‘ஆமாம்’ என்ற சத்தத்தில் பெரிய சத்தம் உங்களுடையது என்றேன். தேவசகாயத்திடம் ‘இல்லை’ என்ற சத்தத்தில் பெரிய சத்தம் உங்களுடையது என்றேன். ஜேக்கப் ஒரு மூட்டை வெல்லம் அனுப்பினான். தேவசகாயம் பொன்னாடை கொண்டுவந்து, நீங்கள் இல்லாததால் எனக்கே போர்த்திவிட்டார். அந்தப் பொன்னாடையோடு வெல்ல மூட்டைமேல்தான் உட்கார்ந்திருந்தேன் மாப்பிள்ளை, வேறு இடமில்லை. ஆனால் தேவசகாயம் வீட்டு டிவியில் லோக்சபா சேனல் வருகிறது. அந்த நேரம் பார்த்து உங்களைக் காட்டியிருக்கிறான். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தீர்களாம், வாயே அசையவில்லையாம். “அப்பதான் கத்தி முடிச்சிருப்பாரு சம்மந்தி” என்று சமாளித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

இப்போது தலைக்குமேல் வந்துவிட்டது. புதன்கிழமை மறுபடியும் ஓட்டாம். இந்தத் தடவை கத்தல் கிடையாது, பட்டனாம். ஆதரித்தால் பச்சை, எதிர்த்தால் சிவப்பு, அவரவர் பேரோடு வெளியே வந்துவிடுமாம். கட்சி சொல்கிறபடி அழுத்தினார் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், உங்கள் கட்சி இதில் அவரவர் மனசாட்சிப்படி என்று விட்டுவிட்டதாமே. ஒரு கட்சி குடும்பங்களை இப்படியா நட்டாற்றில் விடும்? நீங்கள் பச்சையை அழுத்தினால் சம்மந்தி எழுந்து போய்விடுவார். சிவப்பை அழுத்தினால் மச்சான் வரமாட்டான், உங்கள் மாமியார் மண்டபத்துக்கு வெளியே நிற்பாள். நடுவில் ஜெசிந்தா. அந்தப் பையன் என்றால் அவளுக்கு உயிர். வெளியே சொல்லமாட்டாள். ஆனால் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். புதன்கிழமை உங்களுக்குக் காய்ச்சல் வரவேண்டும். காய்ச்சல் என்றால் கடலூர் மாவட்டத்தில் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அல்லது செவ்வாய்க்கிழமையே விமானம் ஏறி நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிடுங்கள், மூத்த மாப்பிள்ளை கொழுந்தியாள் நிச்சயத்துக்கு வந்தார் என்றால் அதில் என்ன தப்பு? சபையில் அத்தனை பேர் இருக்கிறார்கள். ஒருவர் அழுத்தாவிட்டால் தேசம் நின்றுவிடாது.

இவ்வளவு கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மாப்பிள்ளை. நேரில் சொன்னதில்லை, மாமனார் மாப்பிள்ளையிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வாசலில் கட்சிக்காரர்கள் காத்துக்கிடக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு மருந்து விட்டீர்கள். குறி தப்பி ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது, ஆனாலும் பெற்ற பிள்ளை செய்வதைப் போலச் செய்தீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பெலிசியாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். ஆரோக்கிய மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
சூசைமாணிக்கம்

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவுகிற நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. ஜேக்கப் ஓட்டிவர, பின்னால் தேவசகாயம். நெல்லிக்குப்பம் டீக்கடையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் என் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. கொல்லைப் பக்கம் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இரண்டு பேர் முகத்திலும் கோபம் இல்லை. ஜேக்கப்தான் ஆரம்பித்தான். “மாமா, நாங்க பேசி முடிச்சிட்டோம். உங்க மாப்பிள்ளை அன்னிக்கு டெல்லியில இருக்க வேணாம், நிச்சயத்துக்கு வந்துடட்டும். ஓட்டு எனக்கும் இல்ல, இவருக்கும் இல்ல.” தேவசகாயம் தலையாட்டினார்.

மேலே நான் உங்களைக் கெஞ்சியது அதைத்தானே? எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வெயிலில் வரிசையில் நின்று உங்களை அனுப்பினது எத்தனை ஜனம். அந்த ஓட்டை நாங்கள் மூன்று கிழவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வதா? “இந்தா பாருங்க, ரெண்டு பேருகிட்டயும் நான் சொன்னது பொய்யி. அவரு எத அழுத்துவாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அங்க இருந்து அழுத்திட்டுத்தான் வருவாரு. வரச்சொல்லி நான் கூப்புட மாட்டேன்” என்றேன். சொன்ன பிறகுதான் சமையலறை வாசலில் ஜெசிந்தா நிற்பதைப் பார்த்தேன்.

தேவசகாயமும் அவளைத்தான் பார்த்தார். பிறகு, “பட்டனுக்கும் எம் மருமவளுக்கும் என்னா சம்மந்தம்? நிச்சயம் நடக்கும். ஆனா தோத்தவன் அன்னிக்குப் பந்தி பரிமாறணும்” என்றார். “பிரியாணி வாளி செம கனம் சம்மந்தி, இப்பவே தூக்கிப் பழகிக்கங்க” என்றான் ஜேக்கப். ஜெசிந்தா உள்ளே போய் நான்கு தோசை சாப்பிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். காய்ச்சல் வேண்டாம், வரவும் வேண்டாம். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை அழுத்துங்கள், எதை அழுத்தினாலும் நீங்கள் என் மாப்பிள்ளை. பகல் ஒரு மணிக்கு இலை போடுகிறோம். முடிவு தெரிந்ததும் பெலிசியாவை அவள் அம்மா நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று. மூன்றாவதாக ஒரு மஞ்சள் பட்டனும் இருக்கிறதாம், ஆதரவும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல் சும்மா இருப்பதற்கு. தேவசகாயம் போகும்போது வாசலில் நின்று சொன்னார். நீங்கள் அதை அழுத்தினால் மூன்று பந்திக்கும் நான்தான் பரிமாற வேண்டுமாம்.