செத்த பேட்டரிக்கு நாடி பார்ப்பவர்

ஏப்ரல் கடைசியில் பனி உருகியதும் கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் சமவெளியில் இரண்டு ஜீவன்கள் வளையை விட்டு வெளியே வரும். ஒன்று தரை அணில். அது பின்னங்காலில் நின்று நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பிழைப்பைப் பார்க்கப் போய்விடும். மற்றது அப்படிப் போகாது. கையில் வோல்ட் மீட்டரோடு வரும். வாசலில் குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த மோட்டார்ஹோமின், அதாவது சக்கரம் வைத்த வீட்டின், பக்கக் கதவைத் திறக்கும், உள்ளே இருக்கும் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஊசியை வைக்கும், கண்ணைச் சுருக்கும், பிறகு தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கும்: "உயிர் இருக்கு!"

இந்த இனத்துக்கு நாடி பார்ப்பவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல், விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி, பேட்டரி அமிலம் பட்டு முழங்காலில் ஓட்டை விழுந்த கால்சட்டை. இவை இருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

இவர் அசட்டையானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபரில் இவர் தன் சக்கர வீட்டைத் தூங்கவைக்கும் அழகைப் பார்த்தால் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பாடம் படிப்பார்கள். குழாய்த் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்து, உறையாத திரவத்தை ஊற்றி, எலி நுழையும் ஓட்டைகளில் இரும்பு நார் திணித்து, சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்து, கடைசியில் மெயின் ஸ்விட்சை 'டக்'கென்று அணைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சுது" என்பார். முடிந்ததா? காஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று உள்ளே சுவரில் இருக்கிறது. அது மெயின் ஸ்விட்சுக்குக் கட்டுப்படாது. நேராகப் பேட்டரியிலிருந்தே குடிக்கும். சிலிண்டரை மூடியாயிற்று, வண்டிக்குள் ஒரு சுண்டெலிகூட இல்லை. அந்தக் கருவி மட்டும் ஆறு மாதம் கண்கொட்டாமல் காவல் காத்து, சொட்டுச் சொட்டாகப் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிடும்.

சார்ஜ் நிறைந்த பேட்டரி மைனஸ் நாற்பதையும் தாங்கும். காலியான பேட்டரி அதில் பாதிக் குளிருக்கே உறைந்து வீங்கும். எங்கள் ஊரில் இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். நாடி பார்ப்பவருக்கும் தெரியும். ஆனால் அது மற்றவர்களுடைய பேட்டரிக்கு.

ஓரெஸ்ட் கோவலை எடுத்துக்கொள்ளுங்கள். இவருடைய மோட்டார்ஹோமில் எஞ்சினுக்கென்று தனி பேட்டரி. அது சுகமாக இருந்தது. விளக்கு, ஹீட்டர், குளிர்பெட்டி, தண்ணீர்ப் பம்பு என்று வீட்டுப் பகுதிக்கு இரண்டு பேட்டரிகள், வயது எட்டு. அவை சுகமாக இல்லை. மே மாத நீண்ட விடுமுறைக்கோ மூன்று வாரம்தான் இருந்தது. அந்த விடுமுறைச் சனிக்கிழமை ஏரிக்கரையில் ஓரெஸ்ட்டின் மனைவி வெர்னாவுடைய அக்கா ஹலினாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். உறவினர் முப்பத்திரண்டு பேருக்கும் தன் சக்கர வீட்டிலிருந்தே சாப்பாடு என்று வெர்னா வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காக ஐந்நூறு பெரோகி பிடித்து உறையவைத்திருந்தாள். பெரோகி தெரியுமல்லவா, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை, வயிற்றில் உருளைக்கிழங்கும் சீஸும். ஏரிக்கரையில் மின்சாரம் கிடையாது. பேட்டரி இல்லையென்றால் குளிர்பெட்டி இல்லை. குளிர்பெட்டி இல்லையென்றால் ஐந்நூறு பெரோகியும் ஒரே பெரோகி.

"இது ஓடுமா, ஓடாதா? ஒரே வார்த்தையில சொல்லு," என்றாள் வெர்னா.

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா இது?" என்றார் ஓரெஸ்ட்.

பேட்டரிக் கடை மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. புதுப் பேட்டரிகள் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்பட்டு, வருகிறவர் போகிறவரைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கும். ஆனால் புதிது வாங்குவதற்கு என்ன திறமை வேண்டும்? யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாடி பார்ப்பவர் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

இவர் தனியாக வைத்தியம் பார்க்கவும் மாட்டார். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆண்கள் காலை ஒன்பது மணிக்குக் காப்பிக் கடையில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோதுமை விலையையும் அரசாங்கத்தையும் ஒரு வழி பண்ணுவது வழக்கம். ஏதாவது ஒரு வீட்டில் பேட்டரி படுத்துவிட்டது என்று தெரிந்தால் மேசை அப்படியே அந்த வாசலுக்கு இடம்பெயரும். ஏழு பேர், ஏழு மடக்கு நாற்காலி, ஏழு அபிப்பிராயம்.

"பன்னெண்டுக்கு மேல காட்ட வேண்டியது, ஒன்பது வோல்ட்டுதான் காட்டுது," என்றார் பக்கத்து வீட்டு ஃப்ரீசன். "டேய் ஓரெஸ்ட், என் காது மெஷின்ல இதைவிட ஜாஸ்தி இருக்கும்."

"அதான் ஒன்பது இருக்கே! பூஜ்யமா இருந்தா பேசு."

"விலா ரெண்டு பக்கமும் புடைச்சிருக்கேடா."

"குளிர்காலத்துல யாருதான் புடைக்கல? உன்னை எவனாவது குப்பையில கொண்டுபோய்ப் போட்டானா?"

புது மாதிரி சார்ஜர் ஒன்றை மாட்டினார்கள். அதற்கு அறிவு உண்டு. பேட்டரியை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டு வேலைநிறுத்தம் செய்தது. இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? புரிந்துகொள்வான். நாடி பார்ப்பவரோ சார்ஜரை ஏமாற்றுவார். உயிருள்ள பேட்டரி ஒன்றைச் செத்ததோடு சேர்த்துக் கட்டினால், சார்ஜர் ஆள் நலமாகத்தான் இருக்கிறான் என்று நம்பி மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். "நல்ல ரத்தம் ஏத்தணும்ப்பா," என்று ஓரெஸ்ட் ரத்ததானத்துக்கு ஆள் தேடினார். முதலில் தன் புல்வெட்டி வண்டியின் பேட்டரி. அடுத்து ஃப்ரீசனின் படகு. அப்புறம் எதிர்வீட்டு டிராக்டர். செத்தவை இரண்டும் கொடுத்ததையெல்லாம் குடித்துவிட்டு மறுபடி செத்தன. இரண்டாவது வாரக் கடைசியில் எங்கள் தெருவில் கிளம்பக்கூடிய வண்டி ஒன்றுகூட இல்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பாதிரியார் குதிரையில் வந்தார் என்றால் நம்புங்கள். நம்பாவிட்டால் குதிரையைக் கேளுங்கள்.

முடி திருத்தப் புறப்பட்ட வெர்னா தன் காரைக் கிளப்பப் பார்த்தாள். கார் கிளம்பவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காய்ந்த இலை.

"ஓரெஸ்ட்!"

"ரெண்டே நாள் கடன்தான், கண்ணு."

"அது இருக்கட்டும். யாரு இங்க அழுகின முட்டையை வேகவைக்கிறது?"

"அது பேட்டரி மூச்சு விடுது. நல்ல அறிகுறி."

ஃப்ரீசன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் அவருக்கும் பின்னால் போனார்கள். வீங்கிய பேட்டரியைச் சூடாக்கினால் வெடிக்கும் என்பதும் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சார்ஜரைக் கழற்றியதும் மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டியது. ஏழு பேரும் எழுந்து கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஹீட்டரைப் போட்டுக் காட்டு," என்றாள் வெர்னா.

"இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கு. அதைப் போய் ஓடச் சொல்றியே! கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?"

"ஓடாத பேட்டரிக்கு பன்னெண்டு இருந்தா என்ன, பன்னெண்டாயிரம் இருந்தா என்ன?"

அவளே உள்ளே ஏறி ஹீட்டரைப் போட்டாள். விசிறி 'ஹூம்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். மீட்டர் ஏழுக்கு இறங்கியது. வேலை கொடுக்காதவரை எல்லாப் பேட்டரியும் திடகாத்திரம்தான். சில மாப்பிள்ளைகளைப்போல.

"இன்னும் அரை மணி நேரம் குடு," என்றார் ஓரெஸ்ட்.

நீண்ட விடுமுறை என்பதால் அன்று பேட்டரிக் கடையைப் பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவார்கள். வெர்னா வாதாடவில்லை. கேக் அடுப்பைத் திறக்கப் போடும் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டாள், ஸ்பானரை எடுத்தாள், இரண்டு நோயாளிகளையும் கழற்றித் தோட்டத்துத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். ஃப்ரீசன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வண்டி மூன்று தெருவும் கடந்து போனது. ஓரெஸ்ட் ஒரு பேட்டரியின்மேல் கைவைத்தபடி கூடவே நடந்தார்.

"கொஞ்சம் சூடா இருக்கு வெர்னா. தொட்டுப் பாரேன்."

"நானும் சூடாத்தான் இருக்கேன். தொட்டுப் பாக்கறியா?"

பன்னிரண்டு அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது புது ஜோடி தள்ளுவண்டியில் ஏறியது. மாட்டுவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்கிறீர்கள்? பன்னிரண்டு நிமிடம். ஏழு ஆண்கள், மூன்று வாரம். ஒரு பெண், பன்னிரண்டு நிமிடம். இதை நான் சும்மா ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

ஹலினாவின் எழுபது ஏரிக்கரையில் அமர்க்களமாக நடந்தது. பெரோகி கல் மாதிரி உறைந்தபடியே போய்ச் சேர்ந்து, வெண்ணெயிலும் வெங்காயத்திலும் புரண்டு, புளித்த க்ரீமோடு முப்பத்திரண்டு வயிற்றுக்குள்ளும் இறங்கியது. ஹலினா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். சக்கர வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் ஓரெஸ்ட் மச்சினன்மாரிடம் சொன்னார்: "பழசே தேறி வந்துட்டிருந்துச்சுப்பா. இவதான் அவசரப்பட்டுட்டா." மச்சினன்மார் அத்தனை பேரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, ஆழ்ந்த அனுதாபத்தோடு ஆமோதித்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பனி கிடையாது, மோட்டார்ஹோம் கிடையாது, நமக்கும் இந்த இனத்துக்கும் ஏழு கடல் தூரம் என்று நினைக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு டிவி ரிமோட்டை முதலில் உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, பிறகு பின்மூடியைத் திறந்து, செல் இரண்டையும் இடம் மாற்றி, உருட்டிவிட்டு, ஒன்றைப் பல்லால் கடித்துப் பார்த்து, கடைசியில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கு வைத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. வெயில் சாய்வதற்குள் போய் எடுத்துவிடுங்கள். காக்கை தூக்கிக்கொண்டு போனால், இரண்டு நாளில் தேறியிருக்கும் என்று நீங்கள் அதனோடும் சண்டைக்கு நிற்பீர்கள்.