நான் உட்கார்ந்த ஓவியம்

ஓவியத்தைப் பற்றி எழுதுபவன் ஓவியத்தைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதித்ததில்லை. அந்தச் சலுகையில் முனைவர் பட்டம் பெற்றவன் நான்.

என் மனைவி சரோஜாவின் முதல் கண்காட்சி, செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் பின்கூடத்தில் நடந்தது. அவள் என்ன வரைந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. (சமகால ஓவியத்தின் போக்குகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்ததால், பக்கத்து அறையை எட்டிப் பார்க்க நேரமில்லை.) சென்னையில் கலைக்கூடம் நடத்தும் ஓர் அம்மையார் வரவிருந்தார். அவருக்குப் பிடித்தால் சரோஜாவின் ஓவியம் அங்கே செல்லும். அவரை அழைத்துவர அவள் சாலைக்குப் போன சமயத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். பின்னால் கீழ்பென்னாத்தூர் உறவினர்கள்.

சுவர்களில் ஒன்றுமில்லை. தரையில் செம்மண் நிறத்தில், வெள்ளைக் கரையுடன், நீண்ட துணியொன்று விரித்திருந்தது. விசேஷத்துக்குப் போன இடத்தில் ஜமக்காளத்தைக் கண்டால் நம்மவர் என்ன செய்வாரோ அதைச் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு அமர்ந்தேன்.

"வாங்க, எல்லாரும் உக்காருங்க."

அமர்ந்தார்கள்.

"படம் எங்க மாப்ள?" என்றார் சரோஜாவின் அண்ணன். "எடம் ஜாஸ்தியா இருக்குது, படந்தான் கம்மியா இருக்குது."

வெற்றுச் சுவரைச் சுட்டி விளக்கினேன்: ஓவியம் இன்று சட்டகத்தைத் துறந்துவிட்டது, சுவரைவிட்டு இறங்கிவிட்டது, அதைப் பார்த்தால் போதாது, அதற்குள் வாழ வேண்டும். (சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்பதுதான் வேதனை.)

"வாழ்றது இருக்கட்டும். காபி வருமா?" என்றார் அவர்.

வாசலில் சரோஜா நின்றாள். அருகில் சென்னை அம்மையார்.

"பிரமாதம்! பார்வையாளர்களும் படைப்புல ஒரு பகுதிங்களா?" என்று அவர் வியந்தார்.

"இல்லைங்க," என்றாள் சரோஜா. "அது எங்க வீட்டுக்காரர்."

எழுந்தோம். அவள் செம்மண்ணைப் பசையில் குழைத்து அந்தத் துணியில் தீட்டிய, இன்னும் முழுதாகக் காயாத கிரிவலப் பாதை, பாதிக்கு மேல் எங்கள் வேட்டிகளோடு எழுந்து வந்தது. சரோஜா துணியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அம்மையார் மட்டும் கலங்கவில்லை. அமர்ந்த தடங்களோடு அந்தத் துணி வேண்டும் என்றார்; கூடவே என் வேட்டியும். அப்போதுதான் சரோஜா என் பக்கம் திரும்பினாள்.

"அவுத்துக் குடுங்க."

மைத்துனரின் துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பினேன். சென்னையில் என் வேட்டி விளக்கொளியில் தொங்கியது. சமகாலக் கலைக்கு நான் ஆற்றியதாக எவரும் நினைவுகூரும் பங்களிப்பு அது ஒன்றே. நூலை யாரும் குறிப்பிடுவதில்லை.

அன்றுமுதல் நான் எங்கே உட்காரப் போனாலும் சரோஜா சொல்வாள்: "பாத்து உக்காருங்க, யாராச்சும் வரைஞ்சதா இருக்கப் போவுது." மகளும் அதைக் கற்றுக்கொண்டாள்.

சென்ற தை மாதம், சரோஜாவின் காரியத்தன்று, கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மகள் அருகில் வந்தாள்.

"வெறும் ஜமக்காளந்தான்பா. உக்காருங்க."

குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. உட்கார்ந்தேன்.