நான்கு பங்கிட்ட கூரை

ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. மாடிப்படி ஏறத் தெரிந்தால் போதும், அடுக்குநாட்டை முழுதாகச் சுற்றிப் பார்த்துவிடலாம். அந்த நாடு மொத்தமும் ஒரே கட்டடம். தரைத்தளம் முதல் மூன்றாம் தளம்வரை தளத்துக்கு ஒரு மாகாணம், மாகாணத்துக்கு ஓர் அமைச்சர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு மன்னர். மன்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அவரைப் பார்க்க அனுமதி கேட்டு அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

மன்னர் மகுடேஸ்வரர் இரண்டாம் தளத்தில் வசித்தார். கூரை ஒழுகினாலும் அங்கே நனையாது, வெள்ளம் புகுந்தாலும் அங்கே எட்டாது. ஆகவே நாட்டில் குறையே இல்லை என்று அவர் மனதார நம்பினார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கூரை விரிசல் விட்டது. மூன்றாம் தளத்தில் ஒற்றை அறையில் குடியிருந்த தையல்காரி செங்கமலத்தின் கைக்குழந்தை உறங்கும் தூளிக்கு நேர் மேலிருந்து தண்ணீர் சொட்டியது. தூளி கட்டக் கொக்கி அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு கரகரத்தது. அவள் இரண்டாம் தளத்து அரசவைக்கு ஓடினாள்.

"பிள்ளை மூச்சு விட முடியாம திணறுதுங்க. கூரையை அடைச்சுக் குடுங்க, வேற எதுவும் கேக்கல."

தரைத்தள அமைச்சர் எழுந்தார். "மன்னா, கூரைக்கும் எங்களுக்கும் என்ன உறவு? எம் மக்கள் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை!"

மூன்றாம் தள அமைச்சர் கொதித்தார். "மழையை நாங்கள் தலையில் வாங்குவதால்தான் நீங்கள் நனையாமல் வாழ்கிறீர்கள். இந்தத் தியாகத்துக்கு எங்களுக்கு ஒரு மணிமண்டபம் கட்டியிருக்க வேண்டும்!"

மன்னர் கையுயர்த்தினார். "சமநீதி! கூரையை நான்காகப் பங்கிடுக. அவரவர் பங்கை அவரவர் செப்பனிடுக."

சுண்ணாம்புக் கோடு போட்டுக் கூரையைப் பங்கிட்டார்கள். ஒரு தளத்தார் சிமென்ட் பூசினார்கள், ஒரு தளத்தார் தார் ஊற்றினார்கள், மன்னரின் தளத்தார் வண்ண ஓடு பதித்தார்கள். மூன்றாம் தளத்தார் செங்கல் தூளை இடித்துப் போட்டு, அதைவிடக் கவனமாக அமைச்சர் படம் போட்ட பலகையை நட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு தளத்தாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்: தண்ணீர் அடுத்தவன் பங்குக்குப் போகும்படி வாட்டம் வைத்தார்கள். வடிகுழாய் யார் பங்கில் இருந்ததோ அவர்கள், ஊரார் தண்ணீர் நம் வழியாகப் போவதா என்று அதைத் துணி வைத்து அடைத்தார்கள். போக்கிடம் இல்லாத தண்ணீர் கோடுகள் சந்திக்கும் நடுவிடத்தில் தேங்கியது. அந்த இடம் யார் பங்கிலும் சேரவில்லை. அதற்குக் கீழேதான் தூளி ஆடியது.

இப்போது சொட்டவில்லை, கொட்டியது.

அரசு சும்மா இருக்கவில்லை. கூரையில் தேங்கியதை ஏரி என்று அறிவித்து, மன்னர் ரிப்பன் வெட்டி, அதில் வாத்து விட்டார். வாத்துகளுக்குப் போதவில்லை என்று இன்னும் நீர் நிரப்பினார்கள். மக்களுக்கு வீட்டுக்குள் பிடித்துக்கொள்ள மன்னர் முகம் அச்சிட்ட குடை இலவசமாக வந்தது. கடைசியாக ஒரு சட்டமும் வந்தது: விரிசல் எவர் கண்ணில் படுகிறதோ அவரே முழுக் கூரையையும் செப்பனிட வேண்டும். அன்றோடு அடுக்குநாட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தலையில் பல்லி விழுந்தால்கூடக் குனிந்தபடியே தட்டிவிட்டார்கள்.

அமைச்சர்கள் செங்கமலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "முதலில் கண்டவள் நீதானே?"

"நான் மேல பாக்கவே இல்லீங்க. பிள்ளை நனைஞ்சிருந்துச்சு, பிள்ளையைத்தான் பாத்தேன்."

சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. குழந்தைக்கு இருமலோடு காய்ச்சலும் சேர்ந்த அன்று அவள் யாரையும் கேட்கவில்லை. தூளிச் சேலையை அவிழ்த்துக்கொண்டு நேராக அரசவைக்குப் போய், அரியணைக்கு மேலே அலங்கார விளக்கு தொங்கிய கொக்கியில் கட்டினாள்.

"பெண்ணே, இது அரசவை!"

"இங்கதாங்க காஞ்சிருக்கு."

குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். மன்னர் தொண்டையைக் கனைத்து உரையைத் தொடங்க, வாயிற்காவலனே உதட்டில் விரல் வைத்து "உஷ்!" என்றான். செய்தி பரவியதும் மூன்றாம் தளமே பாய் தலையணையோடு இறங்கி வந்தது. மன்னருக்குக் கால் நீட்ட இடமில்லை.

"மன்னா, மேல் தளம் முழுவதும் காலியாக உள்ளது. காற்றோட்டமான இடம்" என்றார் தரைத்தள அமைச்சர்.

மன்னர் பரிவாரத்தோடு மேலேறி, நடுவில் இருந்த செங்கமலத்தின் அறையில், தூளி தொங்கிய இடத்திலேயே நாற்காலி போட்டு அமர்ந்தார். மகுடத்தைக் கழற்றியதும் வழுக்கையில் குளிர்ந்த நீர் கொட்டியது. பதறிப்போய் அண்ணாந்து பார்த்தார்.

"யோவ், என்னய்யா இது, இவ்வளவு பெரிய விரிசல்!"

அமைச்சர்கள் நால்வரும் தரையைப் பார்த்தபடி கைகூப்பினார்கள். "மன்னர் கண்டுவிட்டார்!"

சட்டம் அவருடையது; என்ன செய்வார்? மழை விட்டதும் கொத்தனாரை அழைத்து நான்கு பூச்சையும் கொத்தி எடுத்து, விரிசலை அடைத்து, கூரை முழுவதற்கும் ஒரே வாட்டம் வைத்து, வடிகுழாயில் அடைத்த துணியை உருவச் சொன்னார். அந்த வாரமே ஒழுகல் நின்றது. செங்கமலம் காய்ச்சல் விட்ட குழந்தையோடு தன் அறைக்குத் திரும்பினாள்.

மக்கள் புரட்சி எதுவும் செய்யவில்லை. சட்டத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார்கள்: இனி மன்னராகிறவர், கட்டடத்தில் எந்த அறை மிக மோசமாக இருக்கிறதோ அந்த அறையில்தான் குடியிருக்க வேண்டும்.

தேர்தல் அறிவித்தாகிவிட்டது. வேட்புமனு கொடுக்க இன்று கடைசி நாள். முன்பெல்லாம் மேளதாளத்தோடு படிக்கட்டு நெடுக வரிசை நிற்குமாம். இன்று தேர்தல் அதிகாரி தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்.