புளியங்குளத்தைத் தாண்டாத நேவியார்

உட்காரக் கதிரை செய்கிற தச்சர்கள் நேவியாரை மட்டும் நம்பியிருந்தால் வன்னியில் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள். நின்று சாப்பிடுவார், நடந்துகொண்டே பேப்பர் படிப்பார். தன் கலியாணத்தில், மணவறையில் இருக்கச் சொன்ன ஐயரிடம், “நிண்டுகொண்டு தாலி கட்டினால் பிழையோ ஐயா?” என்று கேட்டவர்.

ஐம்பதுகளின் கடைசியில், கிளிநொச்சியில் ஒரு வேலைத்தலத்தில் நான் சாமான் அறைக்குப் பொறுப்பு, அவர் வெல்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் வேலை செய்தவர், அதனால்தான் ‘நேவியார்’. காலடியில் தரை ஆடாவிட்டால் அவருக்குத் தலை சுற்றுமாம். அதனால் மாரிக்கு ஒரு தரம், கோடைக்கு ஒரு தரம், “திருகோணமலைக்குப் போறன், கப்பலேறப் போறன்” என்று தகரப் பெட்டியோடு பஸ் ஏறுவார். வழியில், புளியங்குளத்தில் யாருடைய ட்ரக்டராவது உடைந்து நிற்கும். இறங்கி, பக்கத்துக் கராஜில் அதை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

ஒரு மாரிக் கடைசியில் உண்மையாகவே சரக்குக் கப்பலொன்றில் வேலை கிடைத்தது. மறுநாள் காலை கப்பல் புறப்படுகிறது. அவர் மனைவி பாக்கியம் அக்கா அழவில்லை. சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். நாங்கள் மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டோம்.

பஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் அக்கராயன் குளத்தடியில் வயல் செய்கிற கமக்காரர் சின்னத்துரை மழையில் நனைந்து ஓடிவந்தார். “தண்ணி விடுற துருசுக் கதவின்ரை தண்டு உடைஞ்சு போச்சுது. கதவை இறக்க ஏலாது. குளத்துத் தண்ணி விளைஞ்ச வயலுக்குள்ளை பாயுது. நேவியார் எங்கை?”

லொறியில் வெல்டிங் சாமான்களை ஏற்றிக்கொண்டு சின்னத்துரையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் பறந்தேன். புளியங்குளத்தில் பஸ் பழுதாகி நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சப்பாத்துகளை எனக்குத் தெரியும்.

சின்னத்துரை விஷயத்தைச் சொன்னதும் நேவியார் வெளியே வந்தார். ரோட்டில் இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார்.

“கப்பல் நிக்காது, தம்பி.”

“தெரியும், அண்ணை.”

“கதிர் முத்தீட்டுதோ?” என்று சின்னத்துரையைக் கேட்டார்.

“வெட்டுற பருவம், ஐயா.”

பெட்டியைத் தூக்கி லொறிக்குள் எறிந்துவிட்டு ஏறினார்.

அக்கராயனில் அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டித் துருசுக்குள் இறங்கினார். மேலே நாங்கள் மழை படாமல் படங்கு பிடித்தோம். கீழே தண்ணீர் இரைந்தது. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத, இருக்கத் தெரியாத அந்த மனிதர் அந்தரத்தில் அசையாமல் தொங்கினார். நெருப்புப் பொறி மட்டும் பறந்தது. பொழுதுபடும் நேரம் கதவு கிறீச்சிட்டு இறங்கியது. ஓரத்து வயல்கள் போயின, மற்றதெல்லாம் தப்பியது. சனம் அவரைத் தேடியபோது ஆளைக் காணவில்லை. கிளிநொச்சிக்குப் பாதி வழி நடந்துவிட்டிருந்தார்.

“அது பழங்கப்பல். எப்படியும் ஒழுகும்,” என்றார், லொறியில் ஏறும்போது.

வீட்டில் பாக்கியம் அக்கா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். “கால் கழுவிட்டு வாங்கோ, சோறு ஆறுது,” என்றார்.

மறுநாள் காலை, ஆள் திரும்பவும் பஸ் ஏறிவிட்டாரோ என்று இருந்தது; வேலைத்தலத்தின் பின்பக்கம் அவருடைய சுத்தியல் சத்தம் கேட்ட பிறகுதான் நான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.