அழிக்கக் கூடாது

“எவ்வளவு பெரிசா வேணும், சார்?” என்று விற்பனைப் பிரதிநிதி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

பீரோ சார் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். போதாது என்று தோன்றவே, எழுந்து நின்று இன்னும் கொஞ்சம் விரித்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியின் பழைய ஆவணங்கள் முழுவதும் அவர் பொறுப்பு. காகிதமாக இருந்தவரை அவை பீரோவில் இருந்தன. பிறகு கம்ப்யூட்டருக்குள் போயின. பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்த ஒவ்வொரு லிஃப்டின் படமும் அவரிடம் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போனில் போட்ட கூச்சல்கூடத் தேதிவாரியாக உண்டு.

இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இடம் நிரம்பிவிட்டது. புதிதாக, மிகப் பெரிய சேமிப்பு மெஷின் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் லீவில் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரயில். மகளுக்கு முதல் பிரசவம். சனிக்கிழமை காலை ஆபரேஷன். “நீ வந்து நின்னாத்தான்ப்பா எனக்கு தைரியம்” என்று போனில் சொல்லியிருந்தாள்.

“பாதியை அழிச்சுட்டா இருக்கறதே தாராளம், சார்,” என்றார் கம்ப்யூட்டர்காரர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பாவம்.

“மெதுவாப் பேசுங்க!” என்று பீரோ சார் மெஷின் அறைக் கதவைக் காட்டினார்.

கதவில் ஒரு தாள். அதில் சிவப்பு மையில், ‘எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது.’ காலமான பெரிய முதலாளியின் கையெழுத்து. மெஷின்கள் இந்த அறைக்குக் குடிவந்தபோதே கதவில் இருந்தது. பெரியவர் போன பிறகு, மகனான இப்போதைய முதலாளி அதற்குக் கண்ணாடி போட்டு ஃப்ரேம் மாட்டிக் கதவோடு திருகிவிட்டார். தினமும் காலையில் அதன் முன்னால் அரை நிமிஷம் நிற்பார். அதற்கு முன்பே கூட்டித் துடைக்கிற அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட வேண்டும்.

ஆக, அழிக்க முடியாது. எவ்வளவு இருக்கிறது என்றாவது தெரிய வேண்டுமே? ‘பாதுகாக்க வேண்டியவை எவை?’ என்று எல்லாப் பிரிவுக்கும் மெயில் அனுப்பினார் பீரோ சார். எதற்கு வம்பு என்று ஒவ்வொரு பிரிவும் தன்னிடம் இருந்த அத்தனையையும் பதிலோடு இணைத்து அனுப்பிவைத்தது. தொண்ணூற்றெட்டு ஆனது.

“ஒரே ஃபைல் நாலு தடவை இருக்கு, சார். அதையாவது...”

“அழிக்கவா?”

“சேச்சே! தனியா ஒதுக்கி வைக்கலாம்.”

ஒதுக்கினார்கள். ஒதுக்குவதற்கு முன் பாதுகாப்புக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டார் கம்ப்யூட்டர்காரர். தொண்ணூற்றொன்பது.

வியாழக்கிழமை முதலாளியே வந்து உட்கார்ந்தார்.

“கிளவுட்ல வெச்சுடலாம் சார்,” என்றார் ஒரு பிரதிநிதி.

“அப்படின்னா எங்க இருக்கும்?”

“அது... எங்கேயோ பத்திரமா இருக்கும் சார்.”

“எங்கேயோவா? எங்கப்பா காப்பாத்தச் சொன்னதை முன்னப் பின்னத் தெரியாதவன் வீட்டுல கொண்டுபோய் வைக்கணுமா?”

அடுத்தவர் டேப்பில் பதிந்து வைக்கலாம் என்றார். “பென்சில் விட்டுச் சுத்துவோமே, அதுவா?” என்று முதலாளி சிரித்தார்.

“இது தானே சுத்திக்கும் சார். உள்ளயே ஒரு இயந்திரக் கை எடுத்து எடுத்துப் போடும். ஐம்பது வருஷத்துக்குக் கவலை இல்லை. மொத்தத்துல நாலு பீரோ அளவு.”

அந்த வாரத்தில் பீரோ சாருக்குப் புரிந்த முதல் அளவு அதுதான். “இதையே வாங்கிடலாம் சார்!” என்று துள்ளினார். முதலாளியும் தலையாட்டினார். பீரோ சார் அன்றே மனைவிக்குப் போன் போட்டு, பெட்டியைக் கட்டச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அளவெடுக்க ஆள் வந்தார். கதவுக்குக் குறுக்கும் நெடுக்கும் அளவு டேப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“நுழையாது. கதவைப் பேத்து எடுத்துட்டு, வாசலை அகலப்படுத்தணும்.”

முதலாளி பேயறைந்த மாதிரி நின்றார். “எங்கப்பா கையால தாள் ஒட்டின கதவு! அது இருந்த இடத்துலயேதான் இருக்கணும். பக்கத்துச் சுவரை இடிங்க.”

“அந்தச் சுவர் மேலதான் மாடியே நிக்குது, சார்.”

“அப்ப வேற மெஷின் பாருங்க. பீரோ சார், முதல்லேர்ந்து ஆரம்பிங்க. லீவை அப்புறம் பாத்துக்கலாம்.”

பீரோ சாரின் போன் அடித்தது. மனைவி. “ஏங்க, நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?”

“கதவுகிட்ட.”

“எந்தக் கதவு?”

“அதைத்தான் பேசிட்டிருக்கோம்” என்று போனை வைத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகை கோபமாக மாற ஒரு நொடிகூட ஆகவில்லை.

“சார்! லிஃப்டுல மாட்டின ஆளுங்க கத்தினதை இருபத்திரண்டு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன். நாளைக்கு என் பொண்ணு ‘அப்பா’ன்னு கத்தும்போது நான் பக்கத்துல இருக்க வேண்டாமா?”

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. முதலாளி ஃப்ரேமையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் நகருறீங்களா? துடைக்கணும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கூட்டித் துடைக்கிற அம்மா, வாளியோடு. “இந்தத் தாளுக்கா இவ்வளவு சண்டை? பெரிய ஐயா இதை இங்க ஒட்டவே இல்லையே.”

“என்னம்மா சொல்றீங்க?” என்று கேட்டார் முதலாளி.

“மீட்டிங் ரூம் போர்டுல ஒட்டினாருங்க. அவரும் டிரைவரும் மத்தியானத்துல செஸ் ஆடுவாங்க. யாரு எத்தனை ஜெயிச்சாங்கன்னு போர்டுல எழுதி, பக்கத்துல இதை ஒட்டி வெச்சாரு. ஒருநாள் கீழ விழுந்து கிடந்துச்சு. நல்ல தாளாச்சேன்னு நான்தான் இந்தக் கதவுல ஒட்டினேன். அப்ப இது துடைப்பம் வைக்கிற ரூமு.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“கண்ணாடியைத் துடைக்கத்தானே சொன்னீங்க? யாரும் கேக்கலையே.”

கம்ப்யூட்டர்காரர் ஓசைப்படாமல் நாற்காலியை மெஷின் பக்கம் நகர்த்திக்கொண்டார். பீரோ சார் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மணி நாலரை, ஆட்டோ கிடைத்தால் போதும்.

முதலாளி துடைக்கிற அம்மாவின் பக்கம் போனார். “அப்ப... அப்பா போர்டுல எழுதி வெச்ச அந்த ஸ்கோர்?”

“அதை அன்னிக்கே அழிச்சுட்டேனே, சார்.”